நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம்

பொறையார் கடைத்தெருவைக் கடந்து நண்டலாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறி இறங்கியதும் தமிழ்நாடு முடிந்து, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்கால் தொடங்கிவிடுகிறது. வயல் அதே வயல்தான். மாறுவது சாலையோரப் பலகைகள். பூவத்துக்குள் நுழைந்ததும் மதுக்கடைப் பலகைகள் வரிசைகட்டுகின்றன. நடுநடுவே பெட்ரோல் பங்குகள், அன்றைய விலையைப் பெரிய எண்களில் காட்டிக்கொண்டு. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் இரண்டுமே இந்தப் பக்கம் மலிவு. எந்தக் கடைக்காரரும் தன் தாத்தா எந்த ஆண்டு கடை தொடங்கினார் என்று எழுதிவைக்கவில்லை. ஏசி பார் உண்டா, வண்டியை எங்கே நிறுத்துவது, லிட்டர் என்ன விலை: எல்லை தாண்டி வருகிறவர் எதைப் பார்த்தால் பிரேக்கில் கால் வைப்பாரோ அதை மட்டும், ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து படிக்கிற அளவில் எழுதியிருக்கிறார்கள். குடியைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. எழுத்தைப் பற்றிக் கேட்டால், இந்தப் பலகைகளை எழுதியவர்களுக்கு வாடிக்கையாளரைத் தெரிந்திருக்கிறது என்பேன்.

நான் போனது திருநள்ளாற்றில் ஒரு தங்கும் விடுதிக்கு இணையதளம் எழுதிக்கொடுக்க. சென்னையில் உட்கார்ந்தபடியே எழுதி அனுப்பியிருக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ‘நகரின் மையப்பகுதியில் அமைந்துள்ள’ என்று ஆரம்பித்து ‘அன்புடன் வரவேற்கிறோம்’ என்று முடிகிற பக்கத்தைத் திருச்செந்தூருக்கும் ஒட்டலாம், ஊட்டிக்கும் ஒட்டலாம். விடுதிக்கு வருகிறவர்கள் யார், வந்து என்ன கேட்கிறார்கள் என்று தெரிய அந்த வாசலில் போய் உட்கார வேண்டியிருந்தது.

திருநள்ளாறு இருக்கும் காரைக்கால் மாவட்டம் பரப்பளவில் சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல். மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள். 1739-ல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் விலைக்கு வாங்கிய நிலம் இது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான உரிமை 1962 ஆகஸ்ட் 16-ல். ஆனால் ஒன்றியப் பிரதேசத்தின் தலைநகரான புதுச்சேரி இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நடுவில் கடலூரும் சிதம்பரமும் சீர்காழியும் தமிழ்நாடு.

இந்த வரலாறு விடுதியின் வரவேற்பு மேசைக்கு வேறு உருவத்தில் வருகிறது. அங்கே பல வருஷமாக போன் எடுக்கிற அக்கா சொன்னார்: “அட்ரஸ்ல ‘புதுச்சேரி’ன்னு இருக்கா, வடக்கேருந்து வர்றவங்க நேரா பாண்டிச்சேரி டிக்கெட் எடுத்துடுறாங்க. ஸ்டேஷன் வாசல்ல நின்னுக்கிட்டு, ‘ஆட்டோவுக்கு என்ன கேப்பாங்க?’ன்னு போன் பண்றாங்க. நாலு மணி நேரம் ஆகும் சாமின்னா அழுதுருவாங்க போல இருக்கும்.” விலாசம் பொய்யில்லை. அரசாங்கக் கணக்கில் அதுதான் சரியான விலாசம். வருகிறவருக்குத்தான் அது போதவில்லை. காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் இயங்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பெயரும் என்.ஐ.டி. புதுச்சேரிதான். 2010-ல் தொடங்கியது. பிள்ளையைச் சேர்க்கப் பெட்டி படுக்கையோடு ராஜஸ்தானிலிருந்து கிளம்பும் ஒரு தகப்பனாருக்குப் பாடத்திட்டத்துக்கு முன்னால் தெரிய வேண்டியது எந்த ஊரில் இறங்குவது என்பது.

ஆகவே விடுதிப் பக்கத்தின் முதல் வரியை அங்கேயே முடிவு செய்தேன்: ‘திருநள்ளாறு, காரைக்காலிலிருந்து 5 கி.மீ. புதுச்சேரி நகரத்தில் இல்லை; அங்கிருந்து பேருந்தில் சுமார் 4 மணி நேரம்.’

விடுதிக்காரருக்கு இது பிடிக்கவில்லை. அறுபதைத் தாண்டியவர், கையோடு ஒரு தாள் வைத்திருந்தார். முதல் பக்கத்தில் தாத்தாவின் படம், அதற்குக் கீழே ‘எங்கள் நோக்கம்’, அப்புறம் ஒரு அமைச்சர் வந்து தங்கியபோது எடுத்த புகைப்படம், கோபுரப் படங்கள் நான்கு தானாக நகர வேண்டும். “இதெல்லாம் மொத பக்கத்துலயே வந்துடணும் தம்பி.” சரி அண்ணே என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அக்காவின் போன் நோட்டைக் கேட்டேன்.

நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு. இடப்பக்கம் பெயர், எண், எந்தத் தேதிக்கு அறை. வலப்பக்கம் காலி. “இந்தப் பக்கத்துல, எடுத்தவுடனே அவங்க என்ன கேட்டாங்கங்கறத அப்படியே எழுதுங்கக்கா, திருத்தாம” என்றேன். வெள்ளிக்கிழமை என்பதால் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

‘காலைல குளத்துல குளிச்சிட்டு வந்து டிரஸ் மாத்த ரெண்டு மணி நேரத்துக்கு ரூம் தருவீங்களா?’ இந்த ஒரு கேள்விதான் பக்கத்தை நிறைத்தது. ராத்தங்கலுக்கு அல்ல, இரண்டு மணி நேரத்துக்கு. ‘எண்ணெய் பிசுக்கு போக வெந்நீர் வருமா?’ ‘அம்மாவுக்கு முட்டி வலி, கீழ்த்தளத்துல ரூம் இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட்டா?’ ‘அங்கேருந்து கோயில் நடக்கிற தூரமா? செருப்பில்லாம நடக்கலாமா, வெயில்ல சுடுமா?’ ‘ஒரே ரூம்ல ஏழு பேர் இருந்துக்கலாமா?’ ‘தமிழ்நாட்டு வாடகை வண்டி உள்ளே வர பர்மிட் போடணுமா?’ ‘அட்வான்ஸ் அனுப்புறோம், ஆனா நீங்க நிஜமாவே அந்த லாட்ஜ்தானா?’

தாத்தாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நோட்டை விடுதிக்காரரிடம் காட்டினேன். படித்தார். “இதெல்லாம் போன்ல சொல்றதுதானே?” என்றார். போனில் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று புரியவைக்க ஒரு காபி நேரம் பிடித்தது.

கடைசிக் கேள்வியில் இந்த ஊருக்கே உரிய ஒரு பயம் இருக்கிறது. திருநள்ளாற்றுக் கோயிலின் பெயரில் போலி இணையதளம் நடத்திப் பூஜைக்கென்று பக்தர்களிடம் பணம் வாங்கியதாக 2025-ல் வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. அதன்பிறகு வெளியூர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயங்குவது இயற்கை. ‘எங்களுக்குக் கோயில் பூஜையோடு சம்பந்தம் கிடையாது, அர்ச்சனைக்கோ ஹோமத்துக்கோ நாங்கள் பணம் வாங்குவதில்லை, அறைக்கான முன்பணம் இந்த ஒரு கணக்குக்குத்தான்’ என்று வெளிப்படையாக எழுதினால் அவர்கள் பயம் தீரும். ‘நம்பிக்கையே எங்கள் மூலதனம்’ என்பது போன்ற வாசகத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், போலிக்காரரும் எழுதுவார்.

மறுநாள் சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே நளதீர்த்தத்துக்குப் போய்விட்டேன். குளத்தைச் சுற்றி ஈரமும் நல்லெண்ணெய் வாடையும். கடைகளில் எள் பொட்டலம், கறுப்புத் துணி, சின்னச் சின்ன எண்ணெய்ப் பாக்கெட்டுகள். தலையில் எண்ணெய் வழிய ஆண்களும் பெண்களும் படியிறங்குகிறார்கள். முழுகி எழுந்து, பழைய துணியைக் களைந்துவிட்டு, கரையிலிருக்கும் நளவிநாயகரைக் கும்பிட்டுக் கோயிலுக்குப் போவது வழக்கம். துணியைக் குளத்தில் விடாதீர்கள் என்று எழுதிப் போட்டிருந்தாலும், ‘எங்கே போடுறது?’ என்ற கேள்வி எண்ணெய்க் கடைக்காரரிடம்தான் வந்துகொண்டிருந்தது. அடுத்து வந்த கேள்வி, முதலில் யாரைக் கும்பிடுவது என்பது. மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், அவரை வணங்கிவிட்டுத்தான் சனீஸ்வரரிடம் வர வேண்டும் என்று கடைக்காரர் எண்ணெய் ஊற்றிக்கொண்டே சலிக்காமல் சொன்னார்.

அந்தப் படிக்கட்டில் ஓர் இளைஞர் அறை தேடிக்கொண்டிருந்தார். ஈர வேட்டி, கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறைக்குள் கைபேசி. உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்க் கட்டைவிரலால் திரையைத் தொடுகிறார். விரல் வழுக்குகிறது. ஏதோ ஒரு விடுதியின் பக்கம் திறந்தது, அதில் கோபுரப் படம் தானாக நகர்ந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கீழே போகப் பார்த்தார், படம் மறுபடி நகர்ந்தது. விரலை வேட்டியில் துடைத்தார், வேட்டியும் ஈரம். பக்கத்திலிருந்த மனைவி, “அந்தப் போன் நம்பர் எங்கேங்க?” என்றார். அது அடியில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருந்தது. மனிதர் போனை உறையில் போட்டுக்கொண்டு எண்ணெய்க் கடைக்காரரிடமே லாட்ஜ் எங்கே என்று கேட்டார். அவர் கை காட்டிய பக்கம் போனார்கள்.

விடுதிக்காரரின் தாளிலிருந்து நகரும் கோபுரப் படங்களை அந்தக் கணமே அடித்துவிட்டேன். எண் மேலே வர வேண்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, தொட்டால் அழைக்கும்படி.

திரையில் படிக்கிறவர்கள் யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1997-லேயே ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் சோதித்துப் பார்த்தார்கள். பக்கத்தைச் சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம். 79 சதவீதம் பேர் மேய்ந்துவிட்டுப் போனார்கள். அந்தச் சோதனையில் யார் விரலிலும் எண்ணெய் இருந்திருக்காது. 2010-ல் ரேண்டல் மன்ரோ என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒன்று பல்கலைக்கழக இணையதளத்தின் முகப்பில் இருப்பவை, இன்னொன்று வருகிறவர்கள் தேடுபவை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது கல்லூரியின் முழுப்பெயர் மட்டும். பிரிட்டன் அரசு 2012-ல் தன் இணையச் சேவைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தபோது வகுத்துக்கொண்ட முதல் விதி, தேவையிலிருந்து தொடங்கு என்பது. யாருடைய தேவை என்ற சந்தேகம் வந்துவிடக்கூடாதென்று, மக்களின் தேவை, அரசாங்கத்தின் தேவையல்ல என அடிக்குறிப்பே போட்டார்கள்.

தேவை என்பது சில சமயம் ஒற்றை வரி. திருநள்ளாற்றுக்கு அந்த ஒற்றை வரி ஒரு தேதி. சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருவது. கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். திருக்கணிதப்படி தேதி வேறாகும். 2023 டிசம்பர் 20-ல் இங்கே பெயர்ச்சி விழா நடந்தது. அடுத்ததாக 2025 மார்ச் 29 என்று தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் ஜோதிடர்கள் பலன் சொல்லத் தொடங்க, ஊர் ஊராக வேன் பேசிவிட்டார்கள். அது திருக்கணிதத் தேதி, இங்கே பெயர்ச்சி 2026-ல்தான் என்று கோயில் நிர்வாகம் தனியே அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த மார்ச் மாதத்தில் போனை எடுத்தாலே “இல்லீங்க, இந்த வருஷம் இல்ல” என்றுதான் பேச்சைத் தொடங்குவாராம் அக்கா. அறை வாடகை எழுதிய பக்கத்துக்கு மேலே, தேதியையும் எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் இரண்டு வரியில் போட்டிருந்தால் பாதி போன் மிச்சம். அறை விற்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விடுதிக்காரர் கேட்டார். தப்பான தேதியில் அறை போட்டவர் பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்ட கதையை அக்காவே நினைவுபடுத்தினார். அதன்பிறகு விடுதிக்காரர் கேட்கவில்லை.

பகலில் காரைக்காலுக்குப் போய்ச் சுற்றினேன். பாரதியார் வீதியில் காரைக்கால் அம்மையார் கோயில். அம்மையார் கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் தொடக்கம் ஒரு வணிகர் வீட்டு வாசல் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாங்கனி அனுப்புகிறான். பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. பின்னாளில் அம்மையாரான புனிதவதி அவரை உட்காரவைத்துக் குலப்பெருமை பேசிக்கொண்டிருக்கவில்லை. வந்தவருக்குப் பசி, கையில் இருப்பது மாம்பழம். இலையில் வைத்துவிட்டார். பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு பழத்தால்.

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. வீதியுலாவின்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள், கீழே நின்று மடியேந்திப் பிடிப்பார்கள். ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். நாகூர் கந்தூரியின் தேதியும் பிறையைப் பொறுத்து நகரும். வேளாங்கண்ணி மட்டும் அசையாமல் ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடியும். அந்த நாட்களில் காவி உடுத்து நடந்து வருகிறவர்களில் பலர் காரைக்கால் வழியாகப் போகிறார்கள். ஆகவே இந்த ஊரில் விடுதிப் பக்கம் எழுதுகிறவருக்கு வர்ணனையைவிட நாட்காட்டிதான் பெரிய வேலை. எழுதி முடித்தால் போதாது, ஆண்டுதோறும் ஒருவர் உட்கார்ந்து தேதிகளை மாற்ற வேண்டும். போன வருஷத் தேதியோடு நிற்கிற பக்கம் இல்லாத பக்கத்தைவிடக் கெடுதல். கடவுச்சொல்லை அக்காவிடம் கொடுங்கள் என்று அப்போதே குறித்துக்கொண்டேன். பக்கத்தைக் கட்டிக்கொடுத்த பையன் சென்னையில் இருப்பான். கேள்வி வந்து விழுவது அக்காவின் காதில்.

தெற்கே வாஞ்சூர் வரை போனால் துறைமுகம். 2009-ல் இயங்கத் தொடங்கியது, 2023-ல் அதானி குழுமம் 1,485 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஐந்து கப்பல் தளங்கள், ஆண்டுக்கு 21.5 மில்லியன் டன் கையாளும் திறன், உள்ளேயே ரயில் பாதை. இதன் பக்கத்தைத் திறப்பவர்கள் சரக்கு முகவர்கள். ஆழம் எத்தனை மீட்டர், எந்தத் தளம், ரயில் எப்போது என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். எண்களை அட்டவணையாகக் கொடுத்தால் போதும், வெந்நீர் கேட்க மாட்டார்கள்.

பிரான்ஸிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு வகை. காரைக்காலிலிருந்து போய்க் குடியுரிமையோடு அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், கோடை விடுமுறைக்கு. தாத்தாவின் தமிழ் பேச்சளவில் இருக்கும், எழுத்து இருக்காது. அவர்களுக்குப் பிரெஞ்சில் ஒரு பக்கம் வேண்டும் என்று விடுதிக்காரர் ஆசைப்பட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்தோம், அவர்கள் தங்குவது சொந்தக்காரர் வீட்டில் அல்லது கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களில். திருநள்ளாற்றுக்கு அவர்கள் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள். பிரெஞ்சுப் பக்கம் வேண்டாம் என்று விட்டோம். கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் வார இறுதியில் விடும் நவக்கிரகப் பேருந்தில் வருகிறவர்களுக்கும் அறை தேவைப்படாது. ஒரே நாளில் ஒன்பது கோயில், இங்கே கும்பிட்டுவிட்டு ஓட வேண்டும்.

மாறாக, நோட்டில் ஒருமுறைகூட வராத ஒரு ஆளை வாசலில் பார்த்தேன். வேன் டிரைவர். ஒரு வண்டி நிறையப் பேர் எங்கே இறங்குவது என்பதைப் பல நேரம் அவர்தான் சொல்கிறார். இரவெல்லாம் ஓட்டிவந்தவருக்குப் படுக்க ஒரு பாய், குளிக்க ஒரு இடம், 52 சீட் பஸ் பின்னுக்கு எடுத்துத் திரும்ப இடம் இருக்கிறதா என்ற தகவல். “டிரைவர் சைட்டெல்லாம் பாப்பாரா தம்பி?” என்றார் விடுதிக்காரர். வாசலில் நின்ற டிரைவரிடமே கேட்டோம். வாட்ஸ்அப்பில் தங்களுக்குள் இடம் பகிர்ந்துகொள்கிறார்களாம். எந்த லாட்ஜில் டிரைவருக்குத் தனிப் பாத்ரூம் என்பதுவரை அதில் இருக்கிறதாம். இப்போது பக்கத்தில் ‘ஓட்டுநர்களுக்கு’ என்று ஒரு பகுதி, அனுப்பத் தோதாக ஒரே திரைக்குள் அடங்குகிற மாதிரி. எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

தாத்தாவின் படம் போய்விடவில்லை. வழிகாட்டும் வரைபடத்துக்குக் கீழே, விடுதியின் பழைய வாசலோடு நிற்கும் படம் ஒன்று கிடைத்தது. வாசலை அடையாளம் கண்டுகொள்ளவும் அது உதவும் என்று சொல்லிச் சேர்த்தேன். அமைச்சர் படத்தை மட்டும் விடுதிக்காரரே எடுத்துவிடச் சொன்னார். ஆட்சி மாறிவிட்டதாம்.

ஒன்றில் மட்டும் அவர் அசையவில்லை. சாதாரண நாள் வாடகை, சனிக்கிழமை வாடகை, இரண்டு மணி நேர வாடகை எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. பெயர்ச்சி நாள் வாடகை இல்லை. “அன்னிக்கு என்ன விலை போகும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும் தம்பி. அத மட்டும் எழுதாதீங்க.” அன்றைக்குத்தான் அதிகம் பேர் கேட்பார்கள், மறைத்தால் கோபம்தான் வரும், உச்சவரம்பாவது போடலாம் என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டே மறுத்தார். “அப்ப அன்னிக்குப் பூரா போன் என் தலையிலதான்” என்றார் அக்கா. கடைசியில் ‘சனிப்பெயர்ச்சி நாள் வாடகைக்கு அழைக்கவும்’ என்று ஒரு வரி எழுதினோம். அதன் கீழே இருப்பது வரவேற்பு மேசையின் எண் அல்ல, விடுதிக்காரரின் சொந்த எண். அது அக்காவின் யோசனை.